என்னைச் சாய்த்தவன் என் பையைத் தூக்கினான்

1. மூலையில் கிடந்த பக்

பக் மூலையில் கிடந்தது. எடுக்கக் குனிந்தேன். எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான். மீதியை வீடியோவில்தான் பார்த்தேன்.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. பக் என்கிற கறுப்பு ரப்பர் வில்லைதான் உண்டு. நான் டிஃபென்ஸ்மேன். எதிராளி அடித்துவிடும் பக்கை மூலைக்குப் போய் எடுத்து நம்ம ஆளுக்குத் தள்ளுவது என் வேலை. அப்படிக் குனியும்போது தலை கீழே இருக்கும். அந்த நேரத்தில் ஒருவன் முழு வேகத்தில் வந்து தோளால் இடித்தால் என்ன ஆகும் என்பது ரிங்க் என்கிற பனித்தளத்தில் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும்.

வீடியோவில் அவன் வருகிறான். முதுகில் பத்தொன்பது என்று எழுதியிருக்கிறது. என் தலை கண்ணாடிச் சுவரில் மோதுகிறது. ஹெல்மெட் கழன்று தனியாகச் சறுக்கிப் போகிறது. நான் எழுந்திருக்கவில்லை. ரெஃப்ரி அவனைச் சில நிமிஷம் வெளியே உட்காரவைத்தார். நான் அதற்கப்புறம் ஹாக்கியே ஆடவில்லை.

இது டெக்சஸில் நடந்தது. நாங்கள் ஆடியது மைனர் லீக். டிவியில் வரும் பெரிய லீக்குக்குக் கீழே பல படி இருக்கிறது, அதில் ஒன்று. பஸ்ஸில் ஊர் ஊராகப் போவோம். நூறு பேரில் ஒருத்தன் மேலே ஏறுவான். நான் அந்த ஒருத்தன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த லீக்கில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

2. தூத்துக்குடிப் பையனுக்கு ஐஸில் என்ன வேலை

எங்கே போனாலும் இந்தக் கேள்வி வரும், பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு வரை தூத்துக்குடியில் படித்தேன். அப்பாவுக்கு ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை கிடைத்து நியூ ஜெர்சி வந்தோம். அம்மா நர்ஸ். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட். எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு எதிரே ஒரு ஐஸ் ரிங்க் இருந்தது. ஸ்கூல் முடிந்து பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போகலாம், பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அம்மாவைப் பொறுத்தவரை அது டேகேர்தான்.

மற்ற பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே ஸ்கேட் போட்டவர்கள். நான் பத்து வயதில் தொடங்கினேன். அதனால் என் ஸ்கேட்டிங் அழகாக இருந்ததே இல்லை. ஆனால் பயம் இல்லை. வரும் பக்குக்கு முன்னால் விழுவேன், இடித்தால் திருப்பி இடிப்பேன். கோச்சுகளுக்கு அது பிடிக்கும். அருள் என்ற பெயர் யார் வாயிலும் நுழையாமல் 'ரூல்ஸி' ஆகிவிட்டது. அந்தப் பெயரோடு காலேஜ் டீம், அப்புறம் கான்ட்ராக்ட்.

லாக்கர் ரூமில் முதலில் கற்றுக்கொடுப்பது ஒன்றுதான். வலிக்கிறது என்று சொல்லாதே. சொன்னால் அடுத்த மேட்சில் உன் இடத்தில் வேறொருவன் இருப்பான். பல் போனால் துணியைக் கடித்துக்கொண்டு மறுபடி ஐஸில் இறங்கவேண்டும். தலை சுற்றினால் ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்து சமாளிக்கவேண்டும். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர்களும் அப்படித்தான் வளர்ந்தவர்கள்.

3. லே-ஆஃப்

அடிபட்ட பிறகு சில மாதம் நியூ ஜெர்சி வீட்டில் திரை போட்ட அறையில் கிடந்தேன். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. கன்கஷன், அடியில் மூளை குலுங்கிப்போவது, என்றார்கள், இது முதல் தடவை இல்லை என்பதையும் ஸ்கேன் பார்க்காமலே கண்டுபிடித்தார்கள். டாக்டர் அம்மாள் நேராகச் சொன்னார், "நடக்கலாம், வேலை பாக்கலாம், கல்யாணம் பண்ணலாம். ஹாக்கி மட்டும் முடிஞ்சுபோச்சு." டீமிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. நல்லபடியாகத்தான் பேசினார்கள். பேசி முடித்ததும் எனக்கு வேலை இல்லை.

அக்கா சான் ஹோசேயில் இருந்தாள். "இங்க வந்து வெயில்ல நடடா. அந்த ரூமுக்குள்ளயே கிடந்தா பைத்தியம் பிடிச்சிடும்" என்று டிக்கெட் போட்டாள். போனேன். தினமும் நடந்தேன். நடக்கும் வழியில் ஒரு கோல்ஃப் ரேஞ்ச் இருந்தது. வரிசையாக நின்று பாலை அடித்துப் பழகும் மைதானம்.

ஒரு நாள் உள்ளே போய் வாடகைக்கு க்ளப், அதாவது கோல்ஃப் மட்டை, கேட்டேன். ஹாக்கி ஸ்டிக்கை நான் இடது பக்கம் பிடித்து ஆடியவன். எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கை, அடிப்பது மட்டும் இடது. இடது கைக்காரர்களுக்கு மூலையில் ஒரே ஒரு பழைய செட் இருந்தது. முதல் பாலைத் தொடவே இல்லை. இரண்டாவது பக்கத்துத் தடுப்பில் பட்டது. மூன்றாவது பால் கிளம்பி, மைதானம் முடிகிற இடத்தில் இருந்த வலையின் உச்சியில் போய் மாட்டியது. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு காரியம் கைவந்தது.

அந்த ரேஞ்ச்சிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். பால் பொறுக்கும் வண்டி ஓட்டுவேன், கவுன்ட்டரில் நிற்பேன், மற்ற நேரமெல்லாம் அடிப்பேன். வருகிறவர்களில் நம்ம ஆட்கள் நிறைய. சான்டா கிளாராவில் வேலை பார்க்கும் சுந்தர் அங்கிள் முதல் நாளே நான் தமிழ் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, வீக்டேல இங்க நிக்கறீங்களே, லே-ஆஃபா?"

"ஆமா அங்கிள். லே-ஆஃப்தான்."

"கவலப்படாதீங்க. ரெஸ்யூமே அனுப்புங்க, எங்க டீம்ல ஓப்பனிங் இருக்கு. என்ன ஸ்கில் செட்?"

"ஐஸ்ல சறுக்கிக்கிட்டே போய் ஆள இடிக்கிறது அங்கிள்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சேல்ஸ்ல போடலாம்" என்றார்.

ஹாக்கியும் கோல்ஃபும் தூரத்துச் சொந்தம் என்பார்கள். இடுப்பு திரும்புகிற விதமும் மணிக்கட்டு கடைசி நொடியில் சொடுக்குகிற விதமும் ஒன்றுதான். ஆனால் மனசு வேறு. ஹாக்கியில் ஒரு நிமிஷம்கூட முழுதாக ஐஸில் இருக்கமாட்டோம், இறங்குவோம், கொளுத்திவிட்டு வந்து உட்காருவோம். கோபம் அங்கே பெட்ரோல். கோல்ஃபில் ஐந்து மணி நேரம் நடக்கவேண்டும். கோபப்பட்டால் அதை இடித்துத் தீர்க்க ஆள் இல்லை, சுமந்துகொண்டே அடுத்த குழிக்குப் போகவேண்டும். இதைப் பழகத்தான் எனக்கு வருஷங்கள் ஆயிற்று. அடியெல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது.

4. புல் வெட்டும் ஆள்

கோல்ஃபில் ப்ரோ, அதாவது பணத்துக்கு ஆடுகிறவன் ஆகி, சின்னச் சின்னப் போட்டிகள் ஆடத் தொடங்கினேன். குளிர்காலத்திலும் ஆட முடிகிற ஊர் வேண்டும். ரவுண்ட் ராக் பக்கம் ஒரு கோர்ஸில், அதாவது கோல்ஃப் மைதானத்தில், கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். மறுபடி டெக்சஸ்.

சேர்ந்த வாரம், காலையில் புட்டிங், பாலைக் குழிக்குள் உருட்டிவிடுவது, பழகப் போனேன். கிரீனில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், ஒருவன் புல் வெட்டும் மெஷின் தள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மெஷினை அணைத்தான். தொப்பியைக் கழற்றினான்.

"ரூல்ஸி" என்றான்.

ஹாக்கியை விட்ட பிறகு என்னை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முகத்தைப் பார்த்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன் இல்லையா, தெரிந்துவிட்டது. பத்தொன்பதாம் நம்பர். கனடாக்காரன், பெயர் காலின். அடுத்த சீசனில் அவனையும் டீமிலிருந்து கழித்துவிட்டார்கள். ஊருக்குப் போகாமல் இங்கேயே புல் வெட்டும் வேலையில் சேர்ந்துவிட்டான்.

"நான் வேணா வேற கோர்ஸுக்குப் போயிடறேன். நீ சொன்னா இன்னிக்கே" என்றான்.

 இந்த ஆளைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று இருட்டு அறையில் கிடந்தபோது விதவிதமாக யோசித்திருக்கிறேன். அதில் ஒன்றுகூட இப்போது பொருந்தவில்லை. அவன் கால் நனைந்து, முழங்கால் வரை புல் ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

"கிரீனை ஒழுங்கா வெட்டுவியா?"

"வெட்டுவேன்."

"அப்ப வெட்டு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய் நின்று பழகினேன்.  ஒரு புட்டும் உள்ளே போகவில்லை.

பல வாரம் பேசவில்லை. ஒரு நாள் நான் ஒரே புட்டைத் திரும்பத் திரும்பத் தவறவிட்டுக்கொண்டிருந்தேன். அவன் தூரத்தில் நின்றே சொன்னான், "மேடு பள்ளத்தைப் பாக்கற, புல்லு எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு பாக்கல. இது பெர்முடாப் புல்லு. சாயங்காலம் ஆனா மேற்கால இழுக்கும்." அவன் சொன்னபடி தள்ளினேன், போயிற்று. தினமும் அந்தப் புல்லோடு இருக்கிறவன், அவனுக்குத் தெரியாதா. அன்றிலிருந்து லீவு நாளில் என் பையைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினான். கோல்ஃபில் பை தூக்குகிறவன், தூரம் சொல்கிறவன், வாயை மூடு என்று சொல்கிறவன் எல்லாம் ஒரே ஆள்தான், கேடி என்பார்கள். நல்ல கேடி அமைவது நல்ல பெண் அமைவதுபோல என்று சுந்தர் அங்கிள் சொல்வார். எனக்கு அமைந்தது இவன்.

நடந்ததைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவே இல்லை.

5. அம்மா கேட்டது

அந்த வருஷம் பெரிய தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். நான்கு நாள் ஆட்டம். அதில் முன்னே வந்தால் ஒரு சீசன் முழுக்க ஆடுகிற இடம், பெரிய டூர் என்கிற உச்சப் போட்டித் தொடருக்கு ஒரு படி கீழே. அம்மா நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்தார்கள். காலின் யார் என்று நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. 'கேடி' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

பழகும் நாளில் கோர்ஸுக்கு வந்த அம்மா, அவனைப் பார்த்து, "யாருல இது? பேரு என்ன?" என்றார்கள்.

"காலின்."

"காலனா? பேர்லயே எமன வச்சிக்கிட்டு அலையுதானே" என்று சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. அந்த வீடியோவை அம்மாவும் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் மறக்கவில்லை. "ஏல அருளு. இவன்தானா அது?"

தலையை ஆட்டினேன்.

கார் பார்க்கிங் பக்கம் ஒரு பெஞ்ச் இருந்தது. அம்மா அதில் உட்கார்ந்தார்கள். காலினை எதிரே நிற்கச் சொன்னார்கள். அமெரிக்காவில் அத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவர்கள், இங்கிலீஷ் என்னைவிட நன்றாக வரும். ஆனாலும் தமிழில்தான் கேட்டார்கள். "நீ அவங்கிட்ட கேளு. அன்னைக்கு எம்புள்ள குனிஞ்சு நின்னத நீ பாத்தியா பாக்கலியா?"

கேட்டேன். அவன் 'பார்க்கவில்லை' என்று சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

"பாத்தேன்" என்றான். "தலை கீழ இருந்ததைப் பாத்தேன். நிறுத்தியிருக்கலாம். 'நீ சாஃப்டா ஆடற, இப்படியே போனா உன்ன கழிச்சிடுவேன்'னு கோச் அன்னிக்குக் காலையிலதான் சொன்னார். நிறுத்தல."

இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டும். அவர்களுக்கு ஏற்கெனவே புரிந்துவிட்டது என்று தெரியும். இருந்தும் காத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தானாம், நிறுத்தவில்லையாம் என்று சொன்னேன். அதைச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. 

 அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எழுந்து, அவனிடம் இங்கிலீஷில், "பொய் சொல்லியிருந்தா உன்ன நாளைக்கு அவன்கூட அனுப்பியிருக்க மாட்டேன். தலையைப் பாத்துக்கோ" என்றார்கள்.

காரில் போகும்போது, "அவன மன்னிச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுல. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா. ரோட்ட பாத்து ஓட்டு."

6. இரண்டு பால்

மூன்று நாள் நன்றாக ஆடினேன். கடைசி நாள் பாதி தாண்டும்போது தகுதிக்கு உள்ளே இருந்தேன். அக்டோபர் என்று பெயர், வெயில் மே மாதம்போல் இருந்தது.

பதினெட்டுக் குழியில் பதினைந்தாவதின் தொடக்கத்தில் பாலை வைத்துக் கீழே பார்த்தேன். இரண்டு பால் தெரிந்தது.

இது எனக்குப் புதிது இல்லை. வெயில் ஏறி, களைத்துப்போனால் அவ்வப்போது வரும். யாரிடமும் சொன்னதில்லை. ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு அடிப்பேன். அன்றும் தொப்பியை இறக்கினேன்.

காலின் பக்கத்தில் வந்தான். "எத்தனை பால் தெரியுது?"

"ஒண்ணு."

"தொப்பிய ஏன் இறக்கற?"

"வெயில்."

"உனக்கு முதுகுப் பக்கம் இருக்கு வெயிலு." பையைக் கீழே வைத்தான். "அஃபிஷியலக் கூப்பிடு. உடம்பு சரியில்லன்னா கொஞ்ச நேரம் கொடுப்பாங்க. ரூல்ல இருக்கு."

"கூப்பிட்டா டாக்டர் வருவாங்க. ஹிஸ்டரி கேப்பாங்க. ஆட்டத்த நிறுத்தச் சொல்லுவாங்க. நாலு குழிதான் இருக்கு, பையத் தூக்கு."

"தூக்க மாட்டேன்."

 "ஒரு தடவை எங்கிட்ட இருந்து எடுத்துக்கிட்ட. இது ரெண்டாவது" என்றேன். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது. சொன்னதும் அவன் முகம் வெளுத்தது. ஆனால் நகரவில்லை.

"ஆமா, எடுத்துக்கிட்டேன்" என்றான். "அதனாலதான் தூக்கமாட்டேன். நீயே தூக்கிக்கிட்டுப் போ. இல்லன்னா கையத் தூக்கு."

பையைப் பார்த்தேன். இரண்டு பை தெரிந்தது. கூட ஆடிய காலேஜ் பையன் தூரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா குடையோடு நின்றார்கள், அவர்களும் இரண்டாகத் தெரிந்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

அஃபிஷியல் வண்டியில் வந்தார், வயதான பெண்மணி. "என்ன செய்யுது?" என்று கேட்டார். பொருள் இரண்டாகத் தெரிகிறது, தலை வலிக்கிறது என்றேன். வாழ்க்கையில் ஆட்டத்துக்கு நடுவே நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதிர்ச்சி அடையவில்லை. கால் மணி நேரம் கொடுத்தார். பின்னால் வந்த குழுவை முன்னே அனுப்பினார்கள். ஓக் மர நிழலில் படுத்தேன். காலின் ஐஸ் வைத்த துண்டைக் கண்ணில் போட்டான். அம்மா கயிற்றைத் தாண்டி வந்து, யாரிடமும் கேட்காமல், நாடி பிடித்துப் பார்த்தார்கள்.

எழுந்தபோது ஒன்றாகத் தெரிந்தது. ஆனால் கால் பழைய காலாக இல்லை. மிச்சமிருந்த குழிகளைப் பத்திரமாக, சின்னச் சின்னதாக அடித்து முடித்தேன். கோல்ஃபில் அடி குறைந்தால்தான் லாபம். எனக்கு இரண்டு அடி கூடிப்போய், தகுதிக்கு வெளியே நின்றேன். ஸ்கோர் பலகையில் என் பெயருக்கு மேலேயே தகுதிக் கோட்டைப் போட்டிருந்தார்கள்.

காலின் பையைக் காரில் வைத்துவிட்டு, "என் வேலை போச்சா?" என்று கேட்டான்.  அம்மாதான், "பின் சீட்டுல ஏறு" என்றார்கள்.

7. அப்புறம்

அஃபிஷியல் விடவில்லை. அடுத்த வாரமே டாக்டரைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். அங்கிருந்து கண்ணுக்கென்று இருக்கும் ஒரு ஸ்பெஷலிஸ்ட்டிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு பேனாவை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, இரண்டு கண்ணும் சேர்ந்து திரும்புகிறதா என்று பார்த்தார். "கன்கஷனுக்கப்புறம் இது வர்றதுதான். உங்க கண்ணு ரெண்டும் ஒண்ணா வேலை செய்யறதுக்குக் கஷ்டப்படுது. பயிற்சி இருக்கு. எவ்வளவு நாளா இருக்கு?"

"அடிபட்டதிலேர்ந்து."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அவருக்கு லாக்கர் ரூமைப் பற்றி எப்படி விளக்குவது.

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கயிற்றில் மணி கோத்துக் கொடுத்தார்கள். மூக்கில் ஒரு முனையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகப் பார்க்கவேண்டும். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், முடிந்ததும் தலை விண்ணென்று வலிக்கும். குளிர்காலம் முழுக்கச் செய்தேன். காலின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வான். வசந்தத்தில் புட்டிங்கில் நின்றபோது குழியின் விளிம்பு கத்தரித்து வைத்ததுபோல் தெரிந்தது. இத்தனை வருஷமும் மங்கலாகத்தான் ஆடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த தகுதிச் சுற்றில் இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் என் பெயரை மைக்கில் கடித்துக் குதறினார்கள். எங்கே கைதட்டக் கூடாதோ அங்கே அம்மா கைதட்டினார்கள். இரண்டு சீசன் ஆடினேன். கோப்பை எதுவும் இல்லை. நாலைந்து வாரம் பெரிய பெயர்களுக்கு நடுவே என் பெயரும் பலகையில் இருந்தது. அப்புறம் இடுப்பு ஒத்துழைக்கவில்லை, இடம் போயிற்று. இப்போது ரவுண்ட் ராக் பக்கமே ஒரு கோர்ஸில் கற்றுக்கொடுக்கிறேன். அந்தக் கோர்ஸின் புல் முழுக்கக் காலின் பொறுப்பு. எங்களுக்குள் இன்னும் சண்டை வரும், பெரும்பாலும் கிரீனுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதில்தான்.

ஆட்டத்துக்கு வரும் இளைஞர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அடி படும். படாமல் யாரும் ஆடி முடித்ததில்லை. வலியைப் பொறுத்துக்கொள்வதும் வலியை மறைப்பதும் ஒன்று என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், எனக்கும் சொன்னார்கள். ஒன்று இல்லை. பொறுத்துக்கொண்டவனுக்கு உதவி செய்ய முடியும். மறைத்தவன் பக்கத்தில் டாக்டரே நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. கையைத் தூக்கினால் ஆட்டம் போகலாம். எனக்குப் போயிற்று. ஆனால் அன்று சாயங்காலம் அம்மா கார் ஓட்டினார்கள், காலின் பின் சீட்டில் இருந்தான். எனக்கு அடிபட்ட நாளிலிருந்து முதல் தடவையாக, என் தலைக்குள் என்ன நடக்கிறது என்று என்னைத் தவிர இன்னும் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் தூங்கிப்போனேன்.